வன்னியில் மண் பார்த்து மரம், மரம் பார்த்து மண்: மேட்டிலிருந்து ஆற்றுமணல் வரை

கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு, அக்கராயன் ஆறு என்று வன்னியின் ஆறுகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே நடைதான். ஐப்பசி மழையோடு ஓடத் தொடங்கும், மார்கழியில் கரை முட்டும், பங்குனிக்குள் மெலிந்துவிடும், ஆடியில் வெறும் மணலாய்க் கிடக்கும். அருவியாறு மட்டும் அநுராதபுரப் பக்கத்து உயர்நிலத்திலிருந்து நீர் கொண்டு வருகிறது. மற்றவை பெரும்பாலும் வன்னிக்குள் பெய்யும் மழையையே நம்பியவை. அதனால் அந்த ஆறுகளில் எத்தனை மாதம் நீர் நிற்கும், குளத்துக்கு நீர் வருமா சேறு வருமா என்பதெல்லாம் நமது மேட்டுக்காணிகளிலும் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலுமே தீர்மானமாகிறது.

வன்னிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 முதல் 1500 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. மன்னார்க் கரைப்பக்கம் அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கும். இது சின்ன மழை இல்லை. ஆனால் அதன் பெரும்பகுதி மூன்று நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொட்டுவதில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்கும் என்பதை மண்ணும் அதன்மேல் நிற்கும் மரம், பற்றை, புல், சருகும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. ஒரு காணியை மேட்டிலிருந்து ஆறு வரை நடந்து பார்த்து, மண்ணையும் செடியையும் ஒன்றாக வைத்து அறிந்து, எதை அப்படியே விடுவது, எங்கே எதை நடுவது என்று முடிவெடுக்கும் முறை கீழே.

தோண்டுவதற்கு முன் ஒரு விடயம். வன்னியில் மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத இடத்தில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம். ஊரவர்களிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஆற்று வெள்ளம் மண்ணோடு வெடிபொருட்களையும் இடம் மாற்றிவிடக்கூடும். சந்தேகமான உலோகப் பொருள் தென்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

நடைக்கோடு

உங்கள் காணிக்கு மேலே உள்ள மிக உயர்ந்த இடத்திலிருந்து ஆற்றுப்படுகை வரை, சரிவின் போக்கிலேயே ஒரு கோடு மனதில் போட்டுக்கொண்டு நடவுங்கள். சில நூறு மீற்றர் போதும், சிலவேளை ஒரு கிலோமீற்றரும் தேவைப்படும். வன்னியின் தரை பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். ஆனால் 100 மீற்றருக்கு 2 மீற்றர் இறங்கினாலே மண்ணின் குணம் முழுவதும் மாறிவிடும். சரிவை அளக்க 10 மீற்றர் நீளமான, உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோலப் பார்த்தால் போதும்.

ஆண்டில் இருமுறை நடக்க வேண்டும். ஆவணி கடைசியில் ஒருமுறை, தை நடுவில் ஒருமுறை. வரட்சியில் எந்த மரம் பச்சையாய் நிற்கிறது என்பது ஆவணியில் தெரியும். எங்கே நீர் ஊறுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது தையில் தெரியும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் பள்ளத்தில் கச்சானையும் மேட்டில் நெல்லையும் போட்டுக் கெடுகிறார்கள்.

தெற்கு, கிழக்கு வன்னியின் அடிப்பாறை பழைய பளிங்குருப் பாறை. நிலவியலாளர் அந்தப் பாறைத் தொகுதிக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறை உக்கிய நிலத்தில் மூன்று மண் சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக அடுத்தடுத்து வரும். மேட்டில் செங்கபில மண்: நீர் நன்றாக வடியும், சிவந்திருக்கும். நடுச்சரிவில் அதே மண் கொஞ்சம் மங்கி, மஞ்சள் தட்டும். பள்ளத்தில் சாம்பல் நிறக் களிமண், மழைக்காலம் முழுவதும் நீரோடு இருக்கும். வயல்களும் சின்னக் குளங்களும் அந்தப் பள்ளத்தில்தான் அமைந்திருக்கின்றன. ஆற்றோரத்தில் வண்டல்.

வடமேற்குப் பக்கம் அடியில் சுண்ணக்கல் வந்துவிடும். அங்கே ஆழமான, மணல் கலந்த செம்மண், நீரை வேகமாகக் கீழே விட்டுவிடும். இரணைமடுச் சூழலில் இந்தச் செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும் சரளைப் படிவுக்கு நிலவியலில் இரணைமடுவின் பெயரே நிலைத்துவிட்டது. முருங்கன் பக்கம் வெடிக்கும் கரிய களிமண். அது தனி உலகம், கடைசியில் ஒரு வார்த்தை சொல்வோம்.

கிடங்கு வெட்டிப் பார்த்தல்

நடைக்கோட்டில் குறைந்தது நான்கு கிடங்குகள்: மேடு, நடுச்சரிவு, பள்ளத்தின் விளிம்பு, ஆற்றின் மேற்கரை. ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர் நீள அகலம், 1 மீற்றர் ஆழம். ஒரு பக்கச் சுவரைச் சூரியனைப் பார்க்க வைத்து, மண்வெட்டி தேய்த்த மினுக்கம் போகும்வரை கத்தி முனையால் கிளறி விடுங்கள். தேய்ந்த சுவரில் நிறமும் வேரும் தெரியாது.

முதலில் நிறம். முழுச் சிவப்பு என்றால் காற்றோட்டம் உண்டு, நீர் நிற்பதில்லை. சிவப்புக்குள் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் புள்ளி விழுந்திருந்தால் ஆண்டில் சில வாரங்கள் அந்த ஆழத்தில் நீர் நிற்கிறது. சாம்பல் நிறம் என்றால் நீண்டகாலம் நிற்கிறது. காரணம் இரும்பு. காற்றுப் பட்டால் துருவாகிச் சிவக்கும், காற்றில்லாமல் நீரில் கிடந்தால் கரைந்து நிறம் இழக்கும். புள்ளி தொடங்கும் ஆழத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி வையுங்கள். ஈரத்தில் வேர் அழுகும் மரங்களுக்கு அந்த ஆழம்தான் எல்லை. ஒரு எச்சரிக்கை: ஆறு திசை மாறிய இடங்களில் பழைய புள்ளிகள் அப்படியே தங்கிவிடும். அங்கே நிறத்தை மட்டும் நம்பாமல் மேலே நிற்கும் செடியையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேர். எந்த ஆழத்தில் வேர்கள் கீழே போவதை விட்டுப் பக்கவாட்டில் திரும்புகின்றன? செங்கபில மண்ணில் இது இரண்டு இடத்தில் நடக்கும். 15 முதல் 20 சென்ரிமீற்றரில் திரும்பினால் அது உழவு இயந்திரம் ஒரே ஆழத்தில் உழுது உழுது உண்டாக்கிய இறுகல். மனிதர் செய்தது, மனிதரால் மாற்ற முடியும். அதற்குக் கீழே, பெரும்பாலும் 40 சென்ரிமீற்றரைத் தாண்டி வருவது வெண்கற் சரளைப் படை. அது இயற்கை. பயிரின் வேர் அங்கே நின்றுவிடும். பாலையும் வீரையும் அந்தச் சரளையின் இடுக்குகளைத் தாண்டி, உக்கிய பாறைக்குள் இறங்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் கணக்கு உண்டு. செங்கபில மண் ஒரு மீற்றர் ஆழத்துக்குள் செடிக்குப் பயன்படும் நீராக ஏறத்தாழ 100 மில்லிமீற்றர்தான் வைத்திருக்கும். ஆடி ஆவணிக் காற்றில் நிலமும் இலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் இழக்கின்றன. மழை நின்று மூன்று வாரத்தில் கணக்கு முடிந்துவிடும். அதன்பிறகு பச்சையாய் நிற்கும் எதற்கும் வேர் ஆழத்தில் இருக்கிறது. இறுகலுக்கு மேலேயே வேர் நின்றுவிட்ட பயிருக்கு மூன்று வாரம்கூட இல்லை, சில நாட்களே.

கையாலும் போத்தலாலும் நான்கு பரிசோதனை

ஒன்று, நாடா இழுத்தல். ஈரமாக்கிப் பிசைந்த மண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 சென்ரிமீற்றருக்குள் முறிந்தால் களி குறைவு. 5 வரை வந்தால் களி நடுத்தரம். அதற்கு மேலும் வந்தால் கனத்த களி.

இரண்டு, போத்தல். நேரான சுவருள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சிட்டிகை சவர்க்காரத் தூள். ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். முதல் நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணித்தியாலத்தில் படிவது மண்டி (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட நுண்மண்), மறுநாள்வரை இறங்குவது களி. மூன்று படையின் உயரத்தையும் அளந்தால் பங்கு வந்துவிடும்.

மூன்று, கட்டி கரைதல். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான், ஆனால் அதிகம் சொல்வதும் இதுதான். பட்டாணி அளவான உலர்ந்த மண்கட்டியை ஒரு வெள்ளைக் கோப்பையில், மழைநீருக்குள் மெதுவாக வையுங்கள். கிணற்று நீர் வேண்டாம், அதில் உள்ள சுண்ணாம்பு உப்பு பெறுபேற்றை மறைத்துவிடும். 10 நிமிடத்திலும் 2 மணித்தியாலத்திலும் பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் மண் நலம். காட்டுக்குள் சருகுக்கு அடியில் எடுத்த கட்டி பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். நீர் தெளிவாக இருக்கக் கட்டி மட்டும் பொருபொருத்து உதிர்ந்தால் மண்ணில் உக்கிய இலைதழை போதாது. ஆண்டுதோறும் உழுது எரித்த மேட்டுக்காணியில் இதைக் காணலாம். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்த மண். அங்கே மழைநீர் உள்ளே இறங்காது, கரையைக் கரைத்துக்கொண்டு போகும். கடல்நீரேரிகளுக்குக் கிட்டிய பள்ளங்களில் இது அதிகம். இந்த மண்ணை விவசாயத் திணைக்களத்தின் மண் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர்கள் சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, வடிகாலும் வெட்டினால்தான் திருந்தும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் இடுவது வீண்.

நான்கு, நீர் இறங்கும் வேகம். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பீ.வீ.சீ. குழாயில் 15 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, மரத்துண்டை மேலே வைத்து அடித்துப் பாதிவரை மண்ணில் இறக்குங்கள். உள்ளே பொலித்தீன் விரித்து 450 மில்லிலீற்றர் நீர் ஊற்றி, பொலித்தீனை மெல்ல இழுத்தெடுங்கள். மண் மேற்பரப்புக் கலையாமல் இருக்கவே பொலித்தீன். இது 25 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவதாக அதே அளவு ஊற்றி நேரம் பாருங்கள். 10 நிமிடத்துக்குள் இறங்கினால் பெருமழையையும் நிலம் வாங்கும். 30 நிமிடம் எடுத்தால் மணிக்கு 50 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையில் நீர் ஓடத் தொடங்கும். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் சாதாரண மழையிலேயே ஓடும். சருகு மூடிய இடத்திலும், அருகே வெறுமையாய்க் கிடக்கும் இடத்திலும் செய்து ஒப்பிடுங்கள். மண் ஒன்றாக இருந்தும் நேரம் பலமடங்கு வேறுபடுவதைக் காணலாம்.

ஏன் அப்படி? செங்கபில மண்ணின் மேற்படையில் கட்டிகள் உறுதியற்றவை. மழைத்துளி நேரே விழுந்தால் உடைந்து, நுண்துகள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் மூடிக்கொள்ளும். முளை அந்த ஓட்டைத் தள்ள முடியாமல் வளைந்து சாகும், நீர் மேலாலேயே ஓடும். ஒரு விரற்கடை சருகு இருந்தாலே துளியின் அடி விழாது. வன்னியில் ஆண்டின் மிக ஆபத்தான நாட்கள், காய்ந்து வெறுமையான நிலத்தில் ஐப்பசியின் முதல் பெருமழைகள் விழும் நாட்கள். சேனைக்காக, அதாவது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிருக்காக, எரித்த நிலத்துக்கு அப்போது சருகும் இல்லை, பயிரும் இல்லை. சாம்பல் ஒரு போகத்துக்குப் பொட்டாசியம், சுண்ணாம்பு தருவது உண்மை. நைதரசனின் பெரும்பங்கு புகையோடு போய்விடும், மேல்மண் ஆற்றோடு போய்விடும். ஆகவே எரிக்காமல் வெட்டிப் பரப்புங்கள். எரித்தே ஆகவேண்டும் என்றால் சரிவுக்குக் குறுக்கே 5 மீற்றர் அகலப் பற்றை வரிகளை வெட்டாமல் விடுங்கள்.

செடி சொல்லும் சேதி

ஒரு செடி தனியாக எதையும் நிரூபிக்காது. கூட்டமாக, பல வயதில், தானாக முளைத்து நிற்பதையே கணக்கில் எடுங்கள்.

பாலை, வீரை, முதிரை, கருங்காலி கலந்து நிற்கும் இடம் நீர் வடியும் நிலம், ஆழத்தில் வேருக்கு இடம் உண்டு. கறையான் புற்றுகளும் அங்கேதான் உயர்ந்து நிற்கும், வெள்ளம் தேங்கும் பள்ளத்தில் அவ்வளவாகக் கட்டாது. இந்தக் காட்டை வெட்டினால் பாலை மீண்டும் நிழல் தரும் மரமாக வளர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். முதிர்ந்த பாலை ஒன்று உங்கள் காணியில் நின்றால், அதை வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

ஆவரசு, விராலி, காரை, சூரை என்று பற்றை மட்டும் நிற்கிறதா? கைவிட்ட சேனை அல்லது அடிக்கடி வெட்டிய காடு. மண் களைத்திருக்கிறது, ஆனால் சாகவில்லை. தீயும் ஆடுமாடும் வராமல் காத்தாலே அடியில் மரக்கன்றுகள் எழும். அங்கே செலவழித்து மரம் நடுவதைவிட வேலி போடுவது மேல். இலுக்குப் புல் மட்டும் விரிந்து கிடந்தால் திரும்பத் திரும்ப எரிந்த நிலம். இலுக்கு எரிந்தபின் கிழங்கிலிருந்து துளிர்க்கும், மரக்கன்று துளிர்க்காது. தீ நிற்காமல் அங்கே எதுவும் மாறாது.

கோரை முளைத்த இடத்தில் நீர் ஊறுகிறது. மேட்டின் நடுவில், எதிர்பாராத இடத்தில் கோரை தென்பட்டால் அடியில் பாறையோ களியோ நீரை மேலே தள்ளுகிறது. கிணறு பார்க்கவும் நல்ல குறி, பழமரம் நடாமல் இருக்கவும் நல்ல குறி. உமரி படர்ந்தால் உப்பு. சுண்டிக்குளம், நாயாறு கடல்நீரேரிப் பக்கம் தரவை நிலங்களில் உமரிக்கும் நெல்லுக்கும் இடையில் தெளிவான கோடு தெரியும். அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு வயல் பக்கம் நகர்ந்தால் மேலிருந்து வரும் நன்னீர் குறைகிறது என்று பொருள்.

ஆற்றோர மருது எல்லாவற்றிலும் பெரிய சாட்சி. மருதின் வேர் ஆண்டு முழுவதும் ஈரத்தைத் தொட வேண்டும். ஓடாத ஆற்றின் கரையில் ஆவணியிலும் மருது தழைத்து நிற்கிறதென்றால் மணலுக்கு அடியில் நீர் இருக்கிறது. வயதான மருதின் கொப்புகள் நுனியிலிருந்து காயத் தொடங்கினால், நோய் என்று மருந்து தேடுவதற்கு முன், அண்மையில் ஆற்றில் மணல் தோண்டினார்களா என்று பாருங்கள்.

மணல் என்ற நீர்த்தொட்டி

ஆற்றுமணலில் வெற்றிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதிலிருந்து எடுக்கக்கூடிய நீர் கனவளவில் சுமார் ஐந்தில் ஒன்று. 100 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் மணல் என்றால் 1500 கனமீற்றர். அதில் ஏறத்தாழ 300 கனமீற்றர், அதாவது 300,000 லீற்றர் நீர் அடங்கும். நீர்மட்டம் மணலுக்குக் கீழே 60 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கியதும் வெயில் அதை அதிகம் தொடாது. திறந்த குளத்தில் இல்லாத நன்மை இது.

மணலை அள்ளும்போது இந்தத் தொட்டியைத்தான் அள்ளுகிறோம். படுகை இறங்கினால் கரைக்குள் இருக்கும் நிலக்கீழ் நீரும் அதே மட்டத்துக்கு இறங்கும், கரை உயரம் கூடும், அடி அரித்து மரத்தோடு சரியும். மணல் அகழ புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி இருந்தாலும் வளைவின் வெளிப்பக்கக் கரைக்குக் கிட்ட எடுக்க விடக்கூடாது என்பதே எமது கருத்து.

கரையைக் கட்டி எழுப்புதல்

வளைவின் வெளிக்கரைதான் அரிக்கும், உட்கரையில் மணல் சேரும். உள்ளே நட்டு உழைப்பை வீணாக்காமல் வெளிக்கரையில் தொடங்குங்கள். அதிலும் மேலோட்டப் பக்கத்தில், ஏற்கெனவே உறுதியாய் நிற்கும் மரமோ பாறையோ உள்ள இடத்திலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். நடுவில் தொடங்கிய வேலையின் பின்புறத்தை வெள்ளம் குடைந்துவிடும். படுகையின் நடுவில் விழுந்து கிடக்கும் பெருமரமோ செழித்த நாணல் திட்டோ நீரைக் கரைப்பக்கம் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் முதல் வேலை அங்கேதான்.

செங்குத்தாய் அறுந்து நிற்கும் கரையில் எதுவும் பிடிக்காது. உயரம் ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிடை வரும்படி சரித்துக்கொள்ளுங்கள். அடியில் விறகுக் கட்டு: 2 முதல் 3 மீற்றர் நீளக் கொப்புகளை 20 முதல் 25 சென்ரிமீற்றர் தடிப்பில் கட்டி, பாதி புதையும் வாய்க்காலில் வைத்து, மீற்றருக்கு ஒரு முளை அடியுங்கள். நொச்சிக் கொப்பாக இருந்தால் கட்டே துளிர்க்கும்.

நடும் காலத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. மரநடுகை என்றால் ஐப்பசி கார்த்திகை என்ற வழக்கம் மேற்கரைக்குச் சரி. அடிக்கரைக்கு அது கொலை. கார்த்திகையில் நட்டது மார்கழி வெள்ளத்தில் வேரோடு போகும். அடிக்கரையில் தை கடைசி, மாசியில், வெள்ளம் வடிந்து மண் ஈரமாய் இருக்கும்போது நடுங்கள். இறங்கும் ஈரத்தைத் தொடர்ந்து வேரும் இறங்கும், அடுத்த வெள்ளத்துக்கு எட்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.

அடிக்கரையில் வெட்டிவேர்: இரண்டு மூன்று தண்டுள்ள பிளவுகள், மேலே 20, வேரில் 10 சென்ரிமீற்றராக வெட்டி, வரிக்குள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி, வரிக்கு வரி குத்துயரம் 1 மீற்றர். இடைவெளி 20ஐத் தாண்டினால் வரி மூடாது, நீர் ஓட்டையில் புகுந்து இரட்டிப்பு வேகத்தில் அரிக்கும். வரிகளுக்கு நடுவே நொச்சித் தடிகள், 60 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம், பெருவிரல் தடிப்பு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். கடலுக்குக் கிட்டிய கீழாற்றில் நொச்சிக்குப் பதில் பூவரசும் தாழையும், உப்பைத் தாங்கும்.

நடுக்கரையில் மருதும் நாவலும், இரு வரிசை மாறிமாறி, 4 மீற்றர் இடைவெளி. மருதங்காயை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, இறக்கைகள் மென்மையானபின் பையில் இடுங்கள். மேற்கரையில் இலுப்பை, புளி, வேம்பு, விளாத்தி, 6 முதல் 8 மீற்றர். வேம்பு, இலுப்பை விதைகள் விரைவில் செத்துப்போகும், பழம் விழுந்த இரண்டு வாரத்துக்குள் இட வேண்டும். வாங்கி வைத்த பழைய விதை முளைக்கவில்லை என்றால் மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். அரிக்கும் கரையின் விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீற்றர் உள்ளே நடுங்கள். விளிம்பில் வளர்ந்த மரம் தன் பாரத்தாலேயே கரையைச் சாய்க்கும்.

கிடங்கு 45 சென்ரிமீற்றர் நீள அகல ஆழம். செங்கபில மண் ஈரமாக இருக்கையில் இயந்திரத் துளைப்பானால் வெட்டினால் சுவர் மினுங்கி இறுகிவிடும். வேர் உள்ளேயே சுற்றும், மழையில் பானைபோல் நீர் நிற்கும். அலவாங்கால் நான்கு சுவரையும் குத்தி உடையுங்கள். மக்கிய மாட்டெரு 2 முதல் 3 கிலோ, மேல்மண்ணோடு கலந்து. இரசாயனப் பசளை ஆற்றங்கரையில் வேண்டாம், அது ஆற்றுக்கும் குளத்துக்கும் போய்ப் பாசியையும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையையும் வளர்க்கும். முதல் கோடையில் கிழமைக்கு 10 லீற்றர், இரண்டாவது கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூன்றாவதில் நிறுத்துங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே தங்கும், நிறுத்திய நாளில் மரம் சாகும்.

கோடையில் மாடுகள் நீரைத் தேடி ஆற்றுக்குத்தான் வரும். முள் அடைப்பு இரண்டு ஆண்டு இல்லாமல் நட்டது எதுவும் மிஞ்சாது. மாடு இறங்க ஒரு இடத்தை, கரை தாழ்ந்த உட்கரையில், வேண்டுமென்றே ஒதுக்கிவிடுங்கள். வழி விடாத வேலியை மாடு உடைக்கும்.

கரையில் தேக்கு நடும் ஆசை பலருக்கு. வேண்டாம். கோடையில் இலை உதிர்த்து வெறுமையாய் நிற்கும், சருகு எளிதில் தீப்பிடிக்கும், பெரிய இலையில் சேர்ந்து விழும் துளி கனமாகி வெறும் மண்ணை அடிக்கும். தேக்கந்தோப்பின் வேர்கள் மண்ணுக்கு வெளியே தெரிவதை வன்னியில் பல இடங்களில் பார்க்கலாம்.

மேட்டுக்காணியில் நீரை நிறுத்த

சரிவுக்குக் குறுக்கே மட்டக்கோட்டு வரம்பு போடுங்கள். வரம்புக்கு வரம்பு குத்துயரம் 60 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 100 மீற்றருக்கு 2 மீற்றர் இறங்கும் நிலத்தில் 30 மீற்றருக்கு ஒன்று, 3 மீற்றர் இறங்கும் நிலத்தில் 20 மீற்றருக்கு ஒன்று. வரம்பின்மேல் கிளிசிரிடியாவை 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டி நிலத்தில் பரப்பலாம். வரம்பு மட்டம் தப்பினால் நீர் ஒரு தாழ்ந்த இடத்தில் கூடி உடைத்துக்கொண்டு பாயும், வரம்பே இல்லாததைவிட மோசம். ஒவ்வொரு 5 மீற்றருக்கும் மட்டம் பாருங்கள்.

களைத்த செங்கபில மண்ணுக்குக் குளத்து வண்டல் நல்ல மருந்து. ஒரு ஏக்கரில் 2.5 சென்ரிமீற்றர் பரப்ப ஏறத்தாழ 100 கனமீற்றர் வேண்டும். எடுக்குமுன் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமோ நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ, குளம் யாருடையதோ அவர்களிடம் அனுமதி பெறுங்கள். வண்டலையும் கட்டி கரைதல் பரிசோதனைக்கு உட்படுத்துங்கள். பால்போல் கலங்கினால் ஏற்ற வேண்டாம்.

முருங்கன் பக்கத்துக் கரிய களியில் மேலே சொன்ன பல செல்லாது. கோடையில் வெடிப்பு வேரை அறுக்கும், ஊற்றும் நீர் வெடிப்பால் கீழே போகும். அங்கே மரக்கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்துக்கு 8 சென்ரிமீற்றர் தடிப்பில் வைக்கோல் போட்டு வெடிக்கவிடாமல் காப்பதே முதல் வேலை.

வேலை பலன் தருகிறதா என்று அறிய, கரைக்குள் மூன்று குழாய்கள் இறக்குங்கள். 50 மில்லிமீற்றர் பீ.வீ.சீ., 3 மீற்றர் நீளம், அடி ஒரு மீற்றரில் துளையிட்டு வலைத்துணி சுற்றியது. கரை விளிம்பிலிருந்து 2, 10, 30 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, வாய்களை ஒரே மட்டத்துக்கு வெட்டுங்கள். கல் கட்டிய நூலால் கிழமைக்கு ஒருமுறை நீர்மட்டம் அளந்து எழுதுங்கள். உள்ளே உயர்ந்தும் ஆற்றுப்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் நிலம் ஆற்றுக்கு நீர் கொடுக்கிறது. ஆற்றுப்பக்கம் உயர்ந்தும் உள்ளே தாழ்ந்தும் இருந்தால் ஆறு நிலத்துக்குக் கொடுக்கிறது. மழை நின்றபின் முதல் நிலை எத்தனை கிழமை நீடிக்கிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது அந்தந்த ஆண்டின் மழையளவையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல மழை ஆண்டின் பெருமையை வரம்புக்குக் கொடுத்துவிடுவீர்கள்.